ஆனைக்கசத்தில் யார் கையிலும் இல்லாத கயிறு

என் தங்கை ரோசம்மாவைக் கைப்பிடித்த அன்பு மாப்பிள்ளை மிக்கேலுக்கு,

நீர் சாராயம் குடித்துவிட்டுச் சாகவில்லை. ஆனைக்கசத்தின் அடியில் நீர் உயிரோடு இருந்தபோது, உம் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டிய காண்டிராக்டர் அதைப் பாறைமேல் போட்டார். நழுவிவிடாமல் இருக்க அதன்மேல் காப்பி பிளாஸ்க்கைத் தூக்கி வைத்தார். பிறகு போய்ப் போட்டோவுக்கு நின்றார். அதனால் செத்தீர்.

இந்த நாலு வரியைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஏன் ஆயிற்று என்பதையும் இந்தக் கடிதத்திலேயே சொல்கிறேன். பள்ளிக்கூடம் போகாதவன் நான். சரக்குப் பெட்டிகளின்மேல் அடித்திருக்கும் எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தவன். இதை அச்சில் போடுகிறவர் பிழையைத் திருத்தலாம், ஒரு சொல்லையும் குறைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

உமக்குத் தெரிந்ததையே முதலில் எழுத வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நம் தொழிலில் கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே தோணியில் இருந்து பிடிப்பவன் அவன் மனைவியோடு பிறந்தவனாகத்தான் இருப்பான். அண்ணன் தம்பி பிடிப்பதில்லை. பெற்ற தகப்பனும் பிடிப்பதில்லை. சொத்துக்காக அண்ணன் கையை விடலாம், கோபத்தில் தகப்பன் விடலாம், மச்சான் விடமாட்டான். விட்டால் அறுவது அவன் தங்கச்சி தாலி. முத்துக்குளிப்பு இருந்த காலத்தில் அப்படி, அது நின்று சங்குக்குளிப்பு மட்டும் ஆனபோதும் அப்படி, புதுத் துறைமுகம் கட்ட ஆரம்பித்து, கடலில் விழுந்த சங்கிலியையும் இரும்பையும் எடுக்க நம்மைக் காண்டிராக்டர் கூப்பிட்டபோதும் அப்படித்தான். இருபது வருஷம் உம் கயிறு என் கையில் இருந்தது. ஒரே ஒரு நாள் மட்டும் இல்லை.

அந்த ஒரு நாள் ஆடி மாசத்தில் வந்தது. கடல் கொந்தளித்துக் கிடந்ததால் வேலை இல்லை. துறைமுக வேலையைப் பார்க்கும் இரண்டு இன்ஜினியர்களையும் அவர்கள் குடும்பத்தையும் குளிர்விக்க நினைத்த காண்டிராக்டர், மலைக்காட்டில் ஒரு பங்களாவுக்கு அனுமதி வாங்கி, பஸ் பிடித்தார். சமைக்கவும் சாமான் தூக்கவும் நாம் ஆறு பேர். ‘உல்லாசப் பயணம்’ என்று பஸ்ஸின் முன்னால் துணியில் எழுதிக் கட்டியிருந்தது ஞாபகம் இருக்கிறதா?

நீர் ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தை மாதிரி வந்தீர். அம்பாசமுத்திரம் தாண்டி மலை தெரிந்ததும், “மச்சான், அலை அப்படியே எந்திரிச்சு நின்னு உறைஞ்சு போன மாதிரி இருக்கு பாரும்” என்றீர். எனக்கு அந்தப் பயணமே பிடிக்கவில்லை. கடலில் கஞ்சி குடிக்கிறவனுக்கு மலையில் என்ன ஜோலி என்று புறப்படும்போதே சொன்னேன். நீர் கேட்கவில்லை. என் பேச்சை எப்போதுதான் கேட்டீர்?

பங்களாவில் இறங்கியதும் உம் காலில் அட்டை ஏறியது. “ஏலே, சுறாவுக்குத் தப்பிச்சவன் ரத்தத்தை இது குடிக்குது பாருங்கலே” என்று எல்லோருக்கும் காலைத் தூக்கிக் காட்டினீர். ஓடைத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தீர். “என்ன மச்சான் இது, நாக்குக்கு ஒண்ணுமே தெரியல. உப்பில்லாம இந்த மீனெல்லாம் எப்படி உசிரோட இருக்கு?” என்றீர். இன்ஜினியர் வீட்டு அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் உம்மைக் கெடுத்தது. பார்க்க ஆள் இருந்தால் உமக்குத் தலைகால் புரியாது.

காலையில் நான் வெங்காயம் உரித்தேன், நீர் தேங்காய் துருவினீர். மதியம் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஆனைக்கசத்துக்குப் போனோம். அருவி விழுந்து குழித்த இடம். தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அடியில் பாறைக் குடைவுகள் உண்டு, யானையே விழுந்து காணாமல் போயிருக்கிறது என்று கூட வந்த காட்டு வாட்சர் சொன்னான். மரங்கள் மேலே மூடியிருந்ததால் வெயில் காசு காசாகத்தான் விழுந்தது. கையை வைத்துப் பார்த்தேன். எலும்புக்குள் போகிற குளிர். நம் கடல் தாய் மடி மாதிரி, எப்போதும் கொஞ்சம் சூடு இருக்கும். இது வேறு.

அந்த அம்மாள் டிபன் கேரியர் கழுவும்போது மூடி ஒன்று தண்ணீருக்குள் போய்விட்டது. “ஐயோ, என் மூடி!” என்றாள். அவ்வளவுதான். நீர் வேட்டியை உருவிப் போட்டுவிட்டு, கயிறுகூட இல்லாமல் குதித்து, எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டல் நின்றதும் ஒரு இன்ஜினியர் வேண்டுமென்றே ஒரு கரண்டியைப் போட்டார். எடுத்தீர். சோடா பாட்டிலைப் போட்டார்கள். எடுத்தீர். மீன் தொட்டியில் பொரி போடுவதுபோல் போட்டார்கள், மாப்பிள்ளை. நீர் சிரித்துக்கொண்டே எடுத்தீர்.

“நடு கசத்துல போட்டா எடுப்பானா?” என்று இன்ஜினியர் கேட்டார்.

“கசமென்ன சார், கப்பலுக்கு அடியில போட்டாலும் எடுப்பான். என் ஆளு” என்றார் காண்டிராக்டர்.

என் ஆளு. அந்தச் சொல் உமக்கு இனித்தது. எனக்குக் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியது போல் இருந்தது.

நடுவில் இறங்கக் கயிறு வேண்டும் என்று நான்தான் சொன்னேன். பஸ்ஸின் மேல் சாமான் கட்டிய கயிற்றை அவிழ்த்து வந்து, உம் இடுப்பில் நானே முடிச்சுப் போட்டேன். மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு பாறையில் காலை ஊன்றினேன். அப்போதுதான் காண்டிராக்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்தார்.

“ஏலே மிக்கேலு, கயித்த மச்சான்தான பிடிக்கணும் உங்க சாதியில? இன்னைக்கு நான்தாம்லே உனக்கு மச்சான். கொண்டா இங்கன.”

இன்ஜினியர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தாள். நான் கயிற்றை விடவில்லை. நீர் என் பக்கம் திரும்பினீர். உமக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வாய் இருந்தது. ‘வேண்டாம் அண்ணாச்சி, அது விளையாட்டுக்கு இல்லை’ என்று சொல்லியிருந்தால் அவர் என்ன கழுத்தையா சீவியிருப்பார்? நீர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை எடுத்து, உம் கையாலேயே அவர் கையில் கொடுத்தீர்.

“மச்சான், இன்னைக்கு உமக்கு லீவு. போயி நல்லா உக்காரும்.”

இருபது வருஷத்துக்கு அதுதான் கூலியா?

அவர் தம் இடுப்பிலிருந்த சுண்ணாம்பு டப்பியை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, நடுக் கசத்தில் எறிந்தார். விரல் நீளம் இருக்குமா அந்த டப்பி? நீர் சிலுவை போட்டுக்கொண்டீர். கடலில் நீர் சிலுவை போட்டதும் நான் ‘போயிட்டு வாரும்’ என்பேன். அன்றைக்கு அவர் “போலே” என்றார். போய்விட்டீர்.

அடுத்து நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். டவுனிலிருந்து கூட்டி வந்திருந்த ஸ்டூடியோக்காரர் அப்போதுதான் கேமராவை மூன்று காலில் நிறுத்தி, “எல்லாரும் இங்கன பாருங்க, வெளிச்சம் போயிரும்” என்று கூப்பிட்டார். காண்டிராக்டர் கயிற்றைப் போட்டுவிட்டுப் போய் நடுவில் நின்றார். பிள்ளைக்குத் தலை வாரினார்கள். உயரமானவர்களைப் பின்னால் போகச் சொன்னார்கள். ஒரு படம் எடுத்தார். காண்டிராக்டர் கண்ணை மூடிவிட்டார் என்று இன்னொரு படம் எடுத்தார். மேலே இழுக்கச் சொல்லி நீர் சுண்டியதில் அதற்குள் கயிறு நாலு முறை துள்ளியிருக்க வேண்டும். அருவித் தண்ணீர் சும்மாவே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பழகாத கண் பார்த்தாலும் எது தண்ணீரின் இழுப்பு, எது உம் இழுப்பு என்று தெரிந்திருக்காது. பழகிய கண் அங்கே ஒன்றுதான் இருந்தது.

பிறகு நான் ஓடிப்போய் இழுத்தேன். குடைவுக்குள் மாட்டி, பிறகு விட்டுக்கொடுத்து வந்தது கயிறு. முதல் முழத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உயிருள்ள ஆளை இழுக்கும்போது பாதிக் கனம் அவனே மேலே வருவான். அன்றைக்கு முழுக் கனமும் என்னுடையது.

கரையில் போட்டபோது உம் வலது கை மூடியிருந்தது. காண்டிராக்டரின் டிரைவர் விரலைப் பிரித்து, டப்பியை எடுத்து, வேட்டியில் துடைத்து அவரிடம் கொடுத்தான். அவர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். இன்றைக்கும் அதே டப்பியிலிருந்துதான் சுண்ணாம்பு எடுத்துத் தடவுகிறார். நான் கண்ணால் பார்க்கிறேன்.

பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் அவர் என்னிடம் பேசியதையும் எழுதுகிறேன்.

“சந்தியாகு, கயித்துக்காரன் நீ. உன் தங்கச்சி முதல்ல யார கேப்பா?”

என் தோளில் கையைப் போட்டு அவரே மேலே சொன்னார்.

“நீ அங்கன வரவே இல்ல. பங்களாவுல வெங்காயம் உரிச்சிட்டு இருந்த. நீ எதையும் பாக்கல, நானும் உன்னைப் பாக்கல. அவன் குடிச்சிருந்தான், சொல்லச் சொல்லக் கேக்காம குதிச்சான். கயிறுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. விளங்குதா?”

கீழே அடிவாரத்தில் ஏட்டு அப்படியே எழுதிக்கொண்டார். இன்ஜினியர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்கள் பொய் சொன்னதாகக்கூட நினைக்கவில்லை. அவர்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கூட வந்த நம் நாலு பேருக்கும் மறுநாள் வேலை வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்கள். ‘உல்லாசப் பயணம்’ துணியை அவிழ்க்காமலே உம்மைக் கொண்டுவந்தோம்.

ரோசம்மா உம் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள்.

“அண்ணே, நீ எங்கன இருந்த?”

“பங்களாவுல, ஏளா. வெங்காயம் உரிச்சிட்டு இருந்தேன்.”

அவள் என் கையைப் பிடித்து மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். காலையில் உரித்த வாசனை இருந்தது. நம்பினாள்.

இனி இங்கே இருக்கிற செய்தியைச் சொல்கிறேன். புதுத் துறைமுகம் முடிந்துவிட்டது. கப்பல் கரையோடு ஒட்டி நிற்கிறது. கடலுக்குள் இறங்க ரப்பர் சட்டையும் காற்றுக் குழாயும் வந்திருக்கின்றன, மிஷின் காற்று அடிக்கிறது. மச்சான் வேண்டியதில்லை. எனக்குப் பாரம் ஏற்றுகிற இடத்தில் எண்ணிக்கை பார்க்கிற வேலை. காண்டிராக்டர் கார் வாங்கிவிட்டார். உம் வீட்டுக்குத் தையல் மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ரோசம்மா அவரைத் தெய்வம் என்கிறாள். குடித்துச் செத்தவன் பெண்டாட்டிக்கு யார் இவ்வளவு செய்வார் என்று என்னிடமே கேட்டாள்.

அவள் உம் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து சாராயம் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தீராமே. அது எனக்குத் தெரியாது, உம் சாவுக்குப் பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். “செத்ததுக்கு அழல, அண்ணே. என்னை ஏமாத்துனதுக்குத்தான் வயிறு எரியுது. எத்தனை வருஷமா மறைச்சுக் குடிச்சாரோ” என்றாள். இரண்டு கல்லறைத் திருநாள் வந்து போயிற்று. இரண்டு முறையும் எங்கள் அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்தினாள். உம் கல்லறையைத் தாண்டிப் போகும்போது சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள், சேறு படாமல் போவதுபோல. நான் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

போன மாசம், தை பிறந்ததும், நான் தனியாக மலைக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. திருநெல்வேலியில் பஸ் மாறி, அம்பாசமுத்திரத்தில் மாறி, அடிவாரத்திலிருந்து ஒரு ஜீப்பில் மற்ற சுற்றுலாக்காரர்களோடு நெருக்கிக்கொண்டு ஏறினேன். என்னையும் காடு பார்க்க வந்த கிழவன் என்று நினைத்து ஒரு பெண் ஆரஞ்சுச் சுளை கொடுத்தாள். தின்றேன்.

ஆனைக்கசத்தில் அதே வாட்சர். என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு குடும்பத்துக்குக் கையை நீட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

“இதாம் சார் ஆனைக்கசம். தூத்துக்குடியில முத்துக் குளிக்கிறவன் ஒருத்தன், பெரிய சூரன். தண்ணியப் போட்டுட்டு வீம்புக்குக் குதிச்சான். வெறுங்கட்டையாத்தான் வந்தான்.”

“கடலு விட்டுச்சு, கசம் விடலயாக்கும்” என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பேத்தி ஒரு கல்லை எடுத்து நடுக் கசத்தில் எறிந்து, “எடுத்துட்டு வா!” என்று கத்தினாள். எறிந்துவிட்டு எல்லோரும் அதையே சொல்வார்களாம், வாட்சர் சொன்னான். அது அங்கே ஒரு வழக்கமாகிவிட்டது, மாப்பிள்ளை. மலைக்கு வருகிறவர்கள் உம்மை வேலை வாங்குகிறார்கள். இன்னும்.

நான் வாட்சரின் சட்டையைப் பிடித்தேன். “ஏலே, அவன் குடிச்சிருந்தான்னு யாருலே சொன்னா?”

“கைய எடும் பெரியவரே. அந்தக் காண்டிராக்டர் அண்ணாச்சியே போன ஆடிக்கு வந்தப்ப இதே பாறையில நின்னு சொன்னாரு.”

“கயிறு இருந்துச்சா, இல்லியா? நீ அன்னைக்கு இங்கனதான நின்ன?”

“நான் ராத்திரி உலைக்கு விறகெடுக்கப் போயிட்டேன். கயிறா? எந்தக் கயிறு?”

எந்தக் கயிறு. அந்தக் கேள்வியோடு இறங்கி வந்தேன். வரும் வழியெல்லாம் அது மட்டும்தான் ஓடியது. ஆமாம், அந்தக் கயிறு எங்கே? அதைச் சுருட்டி பஸ்ஸின்மேல் எறிந்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் அதைக் கேமரா பார்த்துவிட்டதே.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனேன். “அந்த மலைப் படமா? அண்ணாச்சி ஆபீஸ்லயே பெருசாப் போட்டு மாட்டியிருக்காரே” என்றார் ஸ்டூடியோக்காரர். எனக்கொரு பிரதி வேண்டும் என்றேன். எடுத்துக் கொடுத்துவிட்டு, அவரும் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். “நான் முகத்தைத்தான் பெரியவரே பாத்தேன். முகம் பாக்குறதுதான் எங்க வேலை” என்றார்.

இப்போது அந்தப் படம் என் முன்னால் இருக்கிறது. நடுவில் காண்டிராக்டர், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு. இரு பக்கமும் இன்ஜினியர்கள், குடும்பங்கள், சிரிப்பு. வலது பக்கப் பாறையில் பிளாஸ்க். பிளாஸ்க்கின் அடியிலிருந்து கயிறு தண்ணீருக்குள் போகிறது. விறைப்பாக, முறுக்கேறிப் போகிறது. படத்தில் உம் முகம் இல்லை. ஆனால் இந்தப் படத்தில் நீர் உயிரோடு இருக்கிறீர். இதில் இருக்கிற எல்லோரையும்விட அந்த நேரத்தில் உயிரைப் பற்றி அதிகம் தெரிந்தவர் நீர்தான்.

இடது ஓரத்தில், வரிசையில் சேராமல், கேமராவுக்கும் கசத்துக்கும் முதுகைக் காட்டி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பீடிப் புகை தெரிகிறது. அது நான்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. நீர் ‘லீவு’ என்று சொன்னதும் எனக்கு நெஞ்சு வெந்துபோயிற்று. திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஆனால் வாய் பழக்கத்தை விடுமா? நீர் உள்ளே போனதும் நான் மாதாவை நோக்கிப் பிரியதத்த மந்திரம் சொல்லத் தொடங்குவேன் என்று உமக்குத் தெரியும். மணிக்கட்டில் கடிகாரம் கட்டாத நமக்கு அதுதான் கணக்கு. நீர் நாலாவதில் கயிற்றைச் சுண்டுவீர். ஐந்தைத் தாண்டியதே இல்லை. அன்றைக்கும் உதடு தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாலு. ஐந்து. ‘தலையை வாருங்க’ என்று பின்னால் சத்தம் கேட்டது. யாரும் கயிற்றை இழுக்கிற சத்தம் கேட்கவில்லை. ஆறு. எனக்குத் தெரிந்துவிட்டது, மாப்பிள்ளை. ஆறாவதில் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் திரும்பவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும், கயிறு யார் கையில் இருந்தது என்று அப்போதுதான் புரியும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு ஏழாவதையும் சொன்னேன். பரிசுத்த மாதாவின் பேரைச் சொல்லிக்கொண்டே நான் உம்மைத் தவிக்க விட்டேன். எட்டாவதின் பாதியில் எழுந்து ஓடினேன்.

காண்டிராக்டருக்கு நீர் உள்ளே எவ்வளவு நேரம் இருப்பீர் என்று தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன். அதனால்தான் ஒன்றரை வருஷம். அவர் ஆபீஸில் கூலி வாங்கப் போகும்போதெல்லாம் சுவரில் அந்தப் படம் எனக்கு எதிரே இருக்கும். ஒரு முறை நான் முறைத்துப் பார்த்ததைக் கண்டுவிட்டு, “என்ன சந்தியாகு, தங்கச்சிக்கும் இந்தப் படத்துல ஒரு காப்பி போட்டுக் குடுத்துருவமா?” என்று கேட்டு, டப்பியைத் திறந்து சுண்ணாம்பு எடுத்தார். நான் கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உம்மையும் நான் விடமாட்டேன். செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். கை தட்டுகிறவர்களுக்காக மூச்சடக்கினீர். தம் வீட்டுச் சமையல்கட்டில்கூட உம்மை உட்காரவைக்காத மனிதருக்கு ‘மச்சான்’ முறை கொடுத்தீர். என் விரலைப் பிரித்த உம் விரல் இன்னும் எனக்கு உறைக்கிறது. அதற்கு நீர் சாக வேண்டியதில்லை, அது வேறு. ஆனால் அது தப்பு. உமக்கு நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு என்பதற்காக உம் தப்பு சிறிதாகிவிடாது.

இனி ஆக வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

காண்டிராக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனம் வெளியே வரும்போது, கோயில் வாசலில் நின்று, ‘மிக்கேல் குடிக்கவில்லை, கயிற்றைக் கீழே போட்டது நான்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆபீஸில் இருக்கிற படத்தை அவர் கழற்றக் கூடாது. மாட்டியே வைக்கட்டும். பார்க்க வருகிறவர்களுக்கு விரலை வைத்துக் காட்டட்டும், இங்கே கயிறு, இங்கே நான், அங்கே முதுகைக் காட்டுகிறவன் சந்தியாகு என்று.

இன்ஜினியர்கள் இருவரும் தங்கள் வீட்டு ஆல்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அடிவாரத்து ஸ்டேஷனுக்கு அவரவர் கையெழுத்தில் எழுத வேண்டும். ஏட்டு தாம் எழுதியதை அடித்து மறுபடியும் எழுத வேண்டும். வாட்சர், ஆனைக்கசத்தில் நின்று கதை சொல்வதானால் நடந்ததைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அருவியை மட்டும் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மலைக்குப் போகிற ஜனங்கள் குளிக்கட்டும், சாப்பிடட்டும், ஒரு மனிதன் செத்த தண்ணீரில் கல்லெறிந்து கூப்பிடாமல் இருக்கட்டும். அன்றைக்குத் தலை குனிந்த நம் நாலு பேரும், நான் சொல்வது மெய் என்று ஒருமுறை தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். அதற்காக வேலை போனால் போகட்டும்.

நீர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. என்னை மன்னிக்காமல் இருக்க வேண்டும். மன்னிப்பு எனக்குத் தேவையில்லை, உமக்கு அது அழகும் இல்லை.

ரோசம்மா செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அவளிடம் கேட்க இனி யாருக்கும் முகம் இல்லை.

மிச்சம் நான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. இது அச்சாகி வந்த அன்றைக்கே, அடுத்த வீட்டுக்காரி படித்துச் சொல்வதற்கு முன்னால், நானே எடுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் நின்று படிப்பேன். உட்காரமாட்டேன். ஆறாவது, ஏழாவது என்று வருகிற இடத்தில் குரலைத் தணிக்கமாட்டேன். நடுவில் அவள் கதவைச் சாத்தினால் சாத்திய கதவுக்கு மீதியைப் படிப்பேன். கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தால் விலகமாட்டேன். இது சத்தியம், மாப்பிள்ளை.

அவள் இன்னும் அண்ணன் என்று கூப்பிட்டால்,
உம் மச்சான்,
சந்தியாகு